கிரேனைக் காற்றில் விட்ட நாள்

கட்டட வேலை நடக்கும் இடங்களில் அவரைக் ‘கொக்கு’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறடிக்கு மேல் உயரம், குச்சிக் கால்கள், ஓட்டுவது டவர் கிரேன். வேறு பெயர் தேட யாருக்கும் தோன்றவில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் காலையில் ஏணி ஏறி, மதியச் சாப்பாட்டை மேலேயே முடித்துக்கொண்டு, சாயங்காலம் இறங்குகிறவர். தரையில் நடக்கும்போதுதான் அவருக்குத் தலை சுற்றும் என்று மனைவி கேலி செய்வாள்.

அந்தக் குளிர்காலத்தில் திடீரென்று மூன்று நாள் வெயில் காய்ந்தது. ஸ்வெட்டர்களைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு ஜனங்கள் சந்தோஷமாகத் திரிந்தார்கள். கொக்குக்கு மட்டும் பிடிக்கவில்லை. மேலே கேபினில் தெற்கிலிருந்து வந்த காற்று பிசுபிசுவென்று கழுத்தில் ஒட்டியது. “குளிருக்கே ஜுரம் வந்த மாதிரி இருக்கு” என்று மனைவியிடம் சொன்னார்.

மூன்றாம் நாள் மாலை வானிலை அறிவிப்பு வந்தது. மறுநாள் மதியத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கடும் புயல்கள், இரண்டு நாளைக்கு. ஆலங்கட்டி விழும். சூறாவளிச் சுழலும் இறங்கலாம். எந்த இடத்தில் என்று சொல்ல முடியாது.

காலையில் கிளம்பும்போது மனைவி கேட்டாள். நகரத்தின் மறுகோடியில், மெத்தை தைக்கும் கொட்டகையில் அவளுக்கு வேலை. “இன்னைக்கு நான் போகட்டுமா, வேணாமா?”

அவர்கள் வீடு வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான். கிரேன் விழுந்தால் எது எங்கே தெறிக்கும் என்று அவருக்குத் தெரியும். “போ. நீ அங்கே இருந்தா எனக்கு நிம்மதி.”

சைட் இன்ஜினியர், முப்பது வயதுகூட ஆகாத பெண், வாசலிலேயே காத்திருந்தாள். “அண்ணே, கிரேனைப் பிரிச்சு இறக்கிட முடியாதா?”

“அதுக்கு நாலு நாள் ஆகும்மா. இன்னொரு கிரேனும் வேணும். நமக்கு இருக்கறது அரை நாள்.”

ஏறினார். கொக்கியை மேலே இழுத்து, அது தொங்கும் தள்ளுவண்டியைக் கோபுரத்தின் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார். கிரேனின் நீண்ட கையில் கட்டியிருந்த கம்பெனி பேனர் காற்றைப் பிடிக்கும் என்று அதை அறுத்துக் கீழே போட்டார். கடைசியாக, கை சுற்றாமல் பிடித்து வைக்கும் சுழல் பிரேக்கைத் தளர்த்திவிட்டார். அவ்வளவு பெரிய இரும்புக் கை கோழித் தூக்கத்தில் தலை ஆடுவதுபோல் லேசாக அசைந்து, காற்று போகிற பக்கம் திரும்பியது.

அவர் இறங்குவதற்குள் கீழே பக்கத்துச் சந்துக்காரர்கள் கூடிவிட்டார்கள். அந்தக் கைக்கு அடியில் ஏழு வீடுகள்.

“யோவ், ஆடுதுய்யா! கயிறு போட்டுக் கட்டுய்யா!”

“கட்டினா முறிஞ்சிடும்ங்க. காத்து எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கம் அது திரும்பணும். அதான் வழி.”

“அப்ப உன் கையில ஒண்ணும் இல்லேன்னு சொல்லு.”

எல்லாரும் கிரேன் எட்டாத தூரத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னார். ஆறு வீட்டார் திட்டிக்கொண்டே வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள். ஏழாவது வீட்டுத் தையல்காரர் நகரவில்லை. அவருடைய அண்ணன் பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருஷம், கனத்த சரீரம். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டதற்கு, முன்னால் நாற்பது பேர் இருக்கிறார்கள், சாயங்காலம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள்.

“நீங்க கிளம்புங்க, எங்களை விடுங்க” என்றார் தையல்காரர்.

கொக்கு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

ஒரு மணிக்கு வானம் காயம்பட்ட இடம்போல் கறுத்து, பச்சை பூத்தது. ஆலங்கட்டி தகரத்தில் விழுந்த சத்தத்தில் பேசினால் கேட்கவில்லை. ஜன்னல் வழியே கிரேனின் கை சுற்றுவது தெரிந்தது. ஒருமுறை வீட்டின் தலைக்கு நேராக வந்து அப்படியே நின்றது. படுத்திருந்த அண்ணன் குழறலாகக் கேட்டார்: “எங்கே... இருக்கு?”

“அந்தப் பக்கம் போயிடுச்சுங்க” என்று பொய் சொன்னார் கொக்கு. அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

முதல் புயல் போனது. இரண்டாவது தொடங்கும்போது மனைவியிடமிருந்து போன். “இங்கே கரண்ட் போயிடுச்சு. மிஷின் எல்லாம் நின்னுடுச்சு, சும்மா உக்காந்திருக்கோம். உங்க பக்கம் எப்படி? இருங்க, வெளியில என்னமோ சத்தம், ரயில் வர்ற மாதிரி...”

அத்தோடு சரி. திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார். மணியே போகவில்லை.

மழை சற்றே விட்டதும் இறங்கி நடந்தார். மரங்கள் ரோட்டை மறித்துக் கிடந்தன. வண்டி எதுவும் ஓடவில்லை. ஒன்பது கிலோமீட்டர் நடக்க மூன்று மணி நேரம் பிடித்தது. கொட்டகை இருந்த இடத்தில் தூண்கள் மட்டும் நின்றன. எதிரே இருந்த வேலியெங்கும் மெத்தைப் பஞ்சு. வாசலுக்கு ஓடிய இரண்டு பெண்கள் பிழைக்கவில்லை என்றார்கள். மெத்தை அடுக்குக்குள் புகுந்தவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றார்கள். மனைவியின் பெயரைச் சொல்லி ஒவ்வொருவராக விசாரித்தார்.

ஆஸ்பத்திரி வராண்டாவில், தரையில் விரித்த போர்வையில் இருந்தாள். காறை எலும்பு முறிந்து, கையைக் கழுத்தோடு கட்டியிருந்தார்கள். தலைமுடியெல்லாம் பஞ்சு. அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“நீங்கதானே போகச் சொன்னீங்கன்னு கேக்க மாட்டேன். பயப்படாதீங்க.”

“கேட்டுடு” என்றார் அவர். “கேட்டா நல்லா இருக்கும்.”

அவள் கேட்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தலையிலிருந்து பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். அது தீரவே இல்லை.

இருட்டுவதற்குள் இன்ஜினியர் போனில் கூப்பிட்டாள். “அண்ணே, அக்காவைப் பத்திக் கேள்விப்பட்டேன். இதைக் கேக்கவே கஷ்டமா இருக்கு. நாளைக்குக் காலையில மறுபடியும் வருதாம். ஆலங்கட்டி அடிச்சதுல பிரேக் இறுகியிருக்கான்னு யாராவது ஏறிப் பாக்கணும்...”

யாராவது என்றால் யார் என்று இருவருக்கும் தெரியும். மனைவி கண்ணை மூடிக்கொண்டு, “நீங்க சொன்ன அந்தத் தையல்காரர் வீட்டு ஆளைத் தூக்கிட்டுப் போனாங்களா?” என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றார். “அப்ப போயிட்டு வாங்க” என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

விடிந்ததும் ஏறினார். ஈரமான படிகள் வழுக்கின. பிரேக் இறுகவில்லை, தளர்த்தியபடியேதான் இருந்தது. சரிசெய்ய ஒன்றுமில்லை. மேலிருந்து பார்த்தபோது ஆஸ்பத்திரிக் கூரை தெரிந்தது. தென்மேற்கே மேகம் மறுபடியும் குவிந்துகொண்டிருந்தது. எந்தப் பக்கம் போகும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

இரண்டாம் நாளும் கிரேன் விழவில்லை. சந்துக்காரர்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். “உங்களாலதான் தப்பிச்சோம்” என்றார் தையல்காரர்.

“நான் ஒண்ணும் பண்ணலைங்க” என்றார் கொக்கு. அது அடக்கம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.