பாங்குக்குக் காத்திருந்த என் மகள்

"...நோன்பு அவளுக்கு இல்லத்தான் மச்சான், நான் இல்லெண்டு சொல்லல்லயே. சும்மா வந்து எங்களோட இரிக்கட்டும். இண்டைக்கு நேரத்தோட கடையப் பூட்டு. பாலத்தத் தாண்டினா எங்கட வீடு. என்னமோ கப்பல் ஏறிப் போறவன் மாதிரி யோசிக்கிறாய்!"

போன ரமழான் மாதம், ஒரு பின்னேரம், என் நண்பன் இப்படிச் சத்தம் போட்டான். திருகோணமலையில் சந்தைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை இருக்கிறது. பக்கத்துக் கடையில் அவன் கைத்தொலைபேசி திருத்துகிறான். ஊர் கிண்ணியா. இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புத்தான். என் கடையில் என்ன கதை நடந்தாலும் பாதி அவனுக்கும் கேட்கும், மீதியை அவனே கேட்டு வாங்குவான். அந்த நாட்களில் என் கடையில் இருந்தது ஒரே கதைதான். என் மகள் சாப்பிடுகிறாள் இல்லை.

அவளுக்கு அப்போது இரண்டு வயது தாண்டியிருந்தது. மனைவி கந்தோருக்கு வேலைக்குப் போவதால், காலையில் பாலையூற்றில் இருக்கிற வீட்டிலிருந்து அவளை மோட்டார் சைக்கிளில் முன்னால் இருத்திக் கடைக்குக் கொண்டுவந்துவிடுவேன். பாலும் பிஸ்கட்டும்தான் அவளுடைய உலகம். வேறு எதைக் காட்டினாலும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்வாள். கிளினிக்கில் நிறை பார்த்த தாதி மிஸ் முகத்தைச் சுளித்தார். "போன முறையும் ஏறேல்ல, இந்த முறையும் ஏறேல்ல. அடுத்த முறையும் இப்பிடியே வந்தா பெரியாஸ்பத்திரிக்குத்தான் எழுதித் தருவன்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனைவி நிறை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கடைக்கு வரும் சனம் விடுமா? சட்டை தைக்க வருகிறவர்கள் அளவு கொடுப்பதற்கு முன்னமே ஆளுக்கொரு வழி சொன்னார்கள். நான் எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். எனக்கு ஆட்கள் சொல்லும் கதை கேட்க ஆசை, அதில் பிழை ஒன்றும் இல்லை. "பயறை அவிச்சுத் தேங்காப்பூ போட்டுக் குடுங்கோ தம்பி, பீங்கானையும் சேர்த்து நக்கும்" என்றார் ஓர் அம்மா. கடையில் ஊறப்போட்டிருந்த பயறை, அவிக்க முன்னமே மகள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சட்டைத் தெறிகள் வைக்கிற என் தகரப் பேணிக்குள் போட்டு மூடி வைத்தாள். ஒரு கிழமைக்குப் பிறகு தெறியைத் தேடிப்போனால் பேணிக்குள் பயறு முளைத்திருக்கிறது! குரக்கன் மாவில் சர்க்கரை போட்டு உருண்டை பிடித்தேன், பந்து விளையாடினாள். கரட்டைத் துருவி ரொட்டிக்குள் ஒளித்தேன். நான் பிழையாய்ப் போன தையலைப் பிரிப்பதுபோல் நூல் நூலாக இழுத்து வெளியே போட்டாள். பப்பாசியை வெட்டி எடுத்துக்கொண்டு மானைக் காட்டி வாயில் தீத்தலாம் என்று, மான்கள் திரிகிற கோட்டைப் பக்கம் கூட்டிப்போனேன். மான் தின்றது. அவள் சிரித்தாள். அந்த மாதம் எங்கள் ஊர் மான்களுக்கு நல்ல சத்து.

"மகளுக்கு வைத்தியமா பாக்கிறாய், மானுக்கா?" என்று பலகைக்கு அங்காலே நின்று நண்பன் பகிடி விட்டான். பிறகுதான் அந்த அழைப்பு.

உண்மையைச் சொன்னால் எனக்குப் போக விருப்பமில்லை. பகல் முழுக்கப் பசித்திருக்கிற சனத்துக்கு முன்னால் என் மகள் கஞ்சியைத் துப்பினால் என்ன மரியாதை? மனைவியிடம் கேட்டேன். "போயிட்டு வாங்கோ. இஞ்ச இருந்தாலும் அவள் ஒண்டும் தின்னப் போறதில்ல" என்றாள்.

போனோம். வீட்டுக்குள் பாய் விரித்து, எல்லாவற்றையும் நடுவில் பரப்பியிருந்தார்கள். கஞ்சிக் கோப்பைகளிலிருந்து ஆவி பறந்தது. பேரீச்சம்பழம், சாறு சொட்டும் சிவந்த வத்தகப்பழத் துண்டு, அவித்த கடலை, வாழைப்பழம். நண்பன், அவன் மனைவி, பள்ளிக்கூடம் போகிற மகள் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். நானும் என் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சாப்பாட்டைக் கண்டதும் மகள் வழக்கம்போல் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். இப்போது கரண்டி வரும், அப்பா கூத்தாடுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றும் வரவில்லை. ஒருவரும் அவளைப் பார்க்கவுமில்லை. அதைவிடப் புதினம், ஒருவரும் சாப்பிடவுமில்லை! இவ்வளவு சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு எல்லோரும் கையை மடியில் வைத்து, வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டு இருக்கிறார்கள். என் மகள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு மெல்ல என் மடியை விட்டு இறங்கி, நண்பனின் மகளுக்குப் பக்கத்தில் போய்ச் சம்மணம் கட்டினாள். கை வத்தகப்பழத்துக்குப் போனது.

"பாங்கு சொன்னதும் சாப்பிடலாம், இரிங்க" என்று அந்தப் பிள்ளை காதுக்குள் சொன்னது.

"அடியே, சின்னப் புள்ளைக்கு என்ன நோன்பு? நீ தின்னுடா தங்கம்" என்று நண்பனின் மனைவி பதறிப்போய் ஒரு துண்டை எடுத்து நீட்டினார்.

மகள் அதை வாங்கவில்லை. அந்தப் பிள்ளையின் கையைப் பார்த்தாள். தன் கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சாப்பாட்டைப் பார்த்தபடி எச்சில் விழுங்கினாள். பிறந்த நாளிலிருந்து சாப்பாடுதான் என் மகளுக்குப் பின்னால் ஓடியிருக்கிறது. அவள் சாப்பாட்டுக்குக் காத்திருந்ததை நான் கண்டது அன்றைக்குத்தான்.

பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. எல்லாக் கைகளும் ஒன்றாக நீண்டன. அவளுடைய கையும் நீண்டது. வத்தகப்பழச் சாறு வாயிலிருந்து நாடிக்கு வழிந்தது. பிறகு கஞ்சிக் கோப்பையை அணைத்துப் பிடித்து, அந்தப் பிள்ளை குடிக்கிற மாதிரியே ஊதி ஊதிக் குடித்தாள். சட்டை பாதி, பாய் பாதி. ஆனால் வாய்க்குள்ளும் போனது ஐயா, நன்றாகவே போனது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலும் பாய் விரிகிறது. அதுவரை அவளுக்குத் தீத்தி முடித்துவிட்டு, நாங்கள் குசினிக்குள் அடுப்படியில் நின்றபடியே ஆளுக்கொரு நேரம் அள்ளிப் போட்டுக்கொள்வோம். தாயும் தகப்பனும் சாப்பிடுவதை அவள் ஒழுங்காகக் கண்டதே இல்லை. இப்போது மூன்று பேருக்கும் ஒரே பயறு, ஒரே பப்பாசி. எல்லோரும் இருந்த பிறகுதான் கை வைப்போம். வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம், கெஞ்சுவதில்லை. அடுத்த கிளினிக்கில் நிறை கொஞ்சம்தான் ஏறியிருந்தது. ஆனால் மிஸ் ஆஸ்பத்திரிக்கு எழுதவில்லை. பிள்ளை சாப்பிடுகிறதில்லை என்று கடைக்கு வந்து கவலைப்படுகிறவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம் கிண்ணியாவில் அந்தப் பாயில் நடந்த கடைசி விசயம் கண்ணுக்குள் வரும்.

மகள் முதல் வாய்க் கஞ்சி குடித்ததைக் கண்ட சந்தோசத்தில் என் கை தானாகவே அவளுடைய கோப்பைக்குப் போனது. "இன்னும் ஒரு வாய், அப்பாவுக்காக" என்று தொடங்கிவிட்டேன். நண்பன் அப்போதுதான் ஒரு பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்திருந்தான். பகல் முழுக்கக் காய்ந்த தொண்டை, தண்ணீர்க் கிளாஸ் வாய்க்குக் கிட்டப் போய்விட்டது. அவன் அதைக் குடிக்காமல் கீழே வைத்தான். என் கையைப் பிடித்துக் கோப்பையிலிருந்து எடுத்துவிட்டு, இன்னொரு பேரீச்சம்பழத்தை எடுத்து, பேசிக்கொண்டிருந்த என் வாய்க்குள் வைத்தான்.