மாலை கழற்றிய நாளுக்கு ஒரு மருந்து

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதம். திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின் தெருவில் இருக்கும் எங்கள் வாடகை வீட்டில்தான் எல்லாம் ஆரம்பித்தது. என் கணவர் திருத்தணிக்கும் பள்ளிப்பட்டுக்கும் ஓடுகிற ஒரு தனியார் பஸ்ஸில் டிரைவர். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தெருவில் பெயர். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் நடந்ததில் என் வாய்க்கும் பங்கு உண்டு.

அவருடைய வலது கால் கட்டைவிரலில் செருப்பு வார் உரசி ஒரு புண் வந்தது. சின்னதுதான். மஞ்சள் வைத்தேன், களிம்பு போட்டேன், ஒரு மாதமாகியும் ஆறவில்லை. அதோடு கடைத்தெரு வரை நடந்தாலே கெண்டைக்கால் பிடிக்கிறது என்று பாதியில் நின்றுவிடுவார். மலைக்கோயில் படி ஏறும்போது மூன்று இடத்தில் உட்கார்ந்தார்.  ரயிலேற்றி சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

காலில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பரிசோதித்த டாக்டர், ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் பிடிப்பீர்கள் என்று கேட்டார். இவர் எட்டு என்றார். நான் இருபது என்றேன். டாக்டர் நான் சொன்னதை எழுதிக்கொண்டார்.

காலுக்குப் போகிற ரத்தக்குழாய் அடைபட்டுக்கொண்டு வருகிறதாம். புகையை அடியோடு விட்டால் மாத்திரையிலேயே காலைக் காப்பாற்றிவிடலாம், விடாவிட்டால் முதலில் விரலை எடுக்க வேண்டியிருக்கும், அதோடு நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலது கால், பிரேக் மிதிக்கிற கால். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கால்தான் எங்களுக்குச் சோறு போட்டது. வேறு வேலை அவருக்குத் தெரியாது. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது இருக்கிற முகம் அவருக்கு வேறெங்கும் வராது.

மாத்திரையோடு இரண்டு விஷயம் எழுதிக் கொடுத்தார். ஒன்று, சிகரெட் ஆசை வரும்போது மெல்லுவதற்கு ஒரு சூயிங்கம். இன்னொன்று, கீழ்த்தளத்தில் புகையை விட நினைப்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் அறை. அங்கே போய்ப் பார்த்தால் வரிசை. ஊருக்குத் திரும்பும் ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பேச்சு எல்லாம் எதற்கு, இருபது வருடமாக நான் பேசாததையா இவர்கள் பேசிவிடப் போகிறார்கள் என்று அங்கிருந்த நர்ஸிடம் சொல்லிவிட்டு, மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு நோய் என்றால் மருந்துதான். பேச்சில் ஒரு நோய் தீரும் என்றால் எங்கள் வீட்டில் ஒரு நோயும் இருந்திருக்கக் கூடாது.

அந்த சூயிங்கம்மை எப்படி மெல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்ளக்கூட இல்லை. இவர் காலை டீயோடு அதைப் போட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளைகள் பபிள்கம் மெல்வது போல் விடாமல் மென்று சாற்றை முழுங்கினார். தொண்டை எரிந்தது, விக்கல் பிடித்துக்கொண்டது. டிப்போவில் விக்கிக்கொண்டே வண்டியெடுத்த டிரைவரைப் பார்த்து எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். இரண்டே நாளில் அட்டையைத் தூக்கி பீரோ மேல் போட்டுவிட்டார்.

அப்போதுதான் பள்ளிப்பட்டிலிருந்து என் தம்பி வந்தான். ஆடிக் கிருத்திகைக்கு வருடா வருடம் இவரும் அவனும் சேர்ந்துதான் மாலை போட்டுக் காவடி எடுப்பார்கள். மாலை போட்ட நாளில் இவர் சிகரெட்டைத் தொடவே மாட்டார், அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இந்த வருடம் பாவா நாற்பத்தெட்டு நாள் முழுசாக மாலை போடட்டும், அதிலேயே பழக்கம் விட்டுப்போகும் என்று தம்பி சொன்னான். அக்கா புருஷனை அவன் பாவா என்றுதான் கூப்பிடுவான். பீரோ மேல் கிடக்கிற அட்டையைக் காட்டி, அதையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று நான் கேட்டேன்.

"அக்கா, அதுல இருக்கறது புகையில சத்துதான. மாலைய போட்டுகினு அத மெல்லலாமா?" என்றான்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சாமி குத்தம் வந்துவிடுமே என்று அட்டையைக் குப்பையில் போட்டேன். டாக்டர் கொடுத்த மருந்தைக் குப்பையில் போட்டதும் நான்தான், ஆலோசனை அறையிலிருந்து அவரை இழுத்துக்கொண்டு வந்ததும் நான்தான். இதை எழுதும்போது கூசுகிறது.

நாற்பத்தெட்டு நாளும் அவர் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. புண் காய்ந்து கருத்தது. நான் தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தேன். பிளவுஸ் அளவு கொடுக்க வந்தவர்களை எல்லாம் உட்கார வைத்து என் வீட்டுக்காரர் பெருமை பேசினேன். கிருத்திகை அன்று மலையில் காவடி செலுத்தி மாலையைக் கழற்றினார். நான் பிரசாத வரிசையில் நின்றுகொண்டிருந்தேன், அவர் முன்னால் இறங்கிப் போனார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல் சட்டையை வாங்கி மோந்து பார்த்தேன். துணியோடு புழங்குகிற மூக்கு, தப்பாது. சிகரெட் வாடை.

நான் என்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது. சட்டையைத் தெருவில் வீசினேன் என்பது மட்டும் போதும்.  அவர் வெளியே போய்ச் சட்டையை எடுத்து உதறி மாட்டிக்கொண்டு, டிப்போவுக்குப் போய்விட்டார். புரட்டாசி முடிவதற்குள் பழையபடி இருபதுக்கு வந்து நின்றது. விரலில் புண் மறுபடி வாய் திறந்தது. மறுபடி சென்னைக்குப் போனோம். இந்த முறை டாக்டர் விரலின் நுனியைத் தொட்டுக் காட்டி, இன்னும் இரண்டு மாதம் பார்ப்பேன், அப்புறம் எடுத்துவிடுவேன் என்றார்.

அன்று ரயில் போனால் போகட்டும் என்று அந்தக் கீழ்த்தள அறை வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே ஒரு இளம்பெண் இருந்தாள். இவளா இவருக்குப் புத்தி சொல்லப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் புத்தியே சொல்லவில்லை, கேள்விதான் கேட்டாள். முதல் நான்கு கேள்விக்கு நானே பதில் சொல்லிவிட்டேன். ஐந்தாவது கேள்விக்கு முன்னால், அக்கா, அண்ணன் சொல்லட்டுமே என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அதற்குப் பிறகு பதிலை அவருக்கே விட்டுவிட்டேன்.

மாலை போட்டிருந்த நாளில் எப்படி முடிந்தது என்று அவள் கேட்டாள். நான் இத்தனை வருடத்தில், "அப்போ முடிஞ்சது, இப்போ ஏன் முடியல" என்று திட்டியிருக்கிறேனே தவிர, எப்படி முடிந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் யோசித்து யோசித்துச் சொன்னார். பள்ளிப்பட்டில் வண்டியை நிறுத்தி ஜனம் இறங்கியதும் பத்து நிமிடம் கிடைக்கும், கை சும்மா இருக்கும், அப்போதுதான் பற்ற வைப்பாராம். மாலை போட்ட நாளில் மட்டும் குழாயடிக்குப் போய் முகம் கால் கழுவிக்கொண்டு பஸ் படியில் உட்கார்ந்துவிடுவாராம்.

"மால கழுத்துல இருந்தா எல்லாரும் சாமின்றாங்கம்மா. நீட்ற கைய பின்னால மறைச்சிக்கிறாங்க. கழட்டிட்டா நான் வெறும் டிரைவர்தான. நம்ம ஆளு ஒருத்தன் நீட்டுனா எப்டி வாணான்றது" என்றார்.

அப்புறம் என்னைப் பார்க்காமல் இன்னொன்றும் சொன்னார். "வூட்டுக்குப் போனா இது சட்டைய மோந்து பாக்குது. தம் அடிக்காத நாள்லயும் அடிச்சவனாட்டம் நின்னுகினு இருக்கறேன். அதுக்கு அடிச்சிட்டே நிக்கலாம்னு பூடுது."

எனக்கு முகம் சுண்டிப்போனது. அவருக்காகத்தான் மோந்து பார்க்கிறேன் என்று அத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

கடைசியில் அந்தப் பெண்ணிடம் கேட்டேன், மருந்து நல்லதா, இந்தப் பேச்சு நல்லதா, ஒன்றைச் சொல் என்று.

"அக்கா, உடம்பு கேக்கறத மருந்து அடக்கும். பள்ளிப்பட்டு ஸ்டாண்டுல ஒருத்தர் கைய நீட்டுனா இன்னா சொல்றதுன்னு மருந்துக்குத் தெரியாதுங்க. அது பேசித்தான் வரணும். ரெண்டும் சேந்து இருந்தா அண்ணனுக்கு பலம்" என்றாள்.

மாலை போட்ட நாற்பத்தெட்டு நாளை விட, அதைக் கழற்றிய ஒரு நாளுக்குத்தான் மருந்து கையில் இருந்திருக்க வேண்டும் என்றும் சொன்னாள். சூயிங்கம்மை மெல்லும் விதத்தையும் காட்டிக் கொடுத்தாள். மெதுவாக மென்று, நாக்கில் சுறுசுறுவென்று வந்ததும் கன்னத்தில் ஒதுக்கிவிட வேண்டும். அந்தக் காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். அரை மணி நேரம் இப்படியே. அதற்குக் கொஞ்சம் முன்னாலும், வாயில் இருக்கும்போதும் டீ கூடாது. புகையில் ஆயிரம் விஷம் சேர்ந்து வருகிறது, இது அளவாகக் கொடுத்து அளவாகக் குறைத்து நிறுத்துகிற மருந்து, சாமி கோபித்துக்கொள்ளாது என்றாள்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தாள். சட்டையை மோந்து பார்க்கக் கூடாது, எண்ணக் கூடாது, கேட்கக் கூடாது. எனக்கும் ஒரு அட்டை சூயிங்கம் கொடும்மா என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஐப்பசியில் நாள் குறித்து நிறுத்தினார். வாரத்துக்கு ஒரு முறை, சரியாகப் பள்ளிப்பட்டில் வண்டி நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில் அந்தப் பெண் போன் செய்வாள். இவர் பஸ் படியில் உட்கார்ந்து பேசுவாராம். மற்ற டிரைவர்கள் கிண்டல் செய்தார்கள், இவர் கண்டுகொள்ளவில்லை. நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சட்டையைக் கையில் வாங்கினால் மூக்கு தானாகப் போகும். மூச்சைப் பிடித்துக்கொண்டு வாளியில் முக்கிவிடுவேன்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் வந்து, சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடி, இன்றைக்கு ஒன்று அடித்துவிட்டேன் என்று அவராகவே சொன்னார். தொண்டை வரைக்கும் வந்ததை விழுங்கினேன். "ஆங், சரி. ரசம் ஊத்தட்டுமாங்க" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையை மறக்க முடியாது. மறுநாள் அவரே அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு, எந்த நேரத்தில், யாரோடு நிற்கும்போது தவறினார் என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு இன்றுவரை இல்லை. மாசி பிறக்கும்போது சூயிங்கம்மும் நின்றுவிட்டது. புண் ஆறி, புதுத் தோல் வெளுப்பாக மூடிக்கொண்டது. டாக்டர் விரலை அமுக்கிப் பார்த்துவிட்டு, இது உங்களுக்கே இருக்கட்டும் என்றார்.

ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் உதறல்தான். ஆடி வருகிறதே, மாலை போடுவாரே, கழற்றுவாரே.

வந்தது. இரண்டு மூன்று சூயிங்கம்மாவது கையில் இருக்கட்டும் என்று அந்தப் பெண் போனில் சொல்லியிருந்தாள். மாலையோடு அதை வைத்திருக்கக் கூடாது என்று தம்பி இந்த முறையும் ஆரம்பித்தான். அப்படியானால் நான் வைத்திருக்கிறேன், முருகன் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று அவன் வாயை அடைத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டு அவர் பின்னாலேயே படி ஏறினேன். முன்னூற்று அறுபத்தைந்து படி. தோளில் காவடியோடு அவர் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. நின்று மூச்சு வாங்கியது நான்தான்.

மாலையைக் கழற்றினார். இந்த முறை பிரசாத வரிசையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அவரோடு இறங்கினேன். கீழே டீக்கடையில் அவருடைய டிப்போ ஆட்கள் நாலைந்து பேர். போன வருடம் அவர் பற்ற வைத்ததும் இதே இடத்தில், இதே ஆட்களோடுதான். அவருக்கு வந்த டீ பக்கத்துக் கல் மேல் ஆவி பறக்க இருந்தது. கூட ஓடுகிற டிரைவர் ஒருவர் பாக்கெட்டைத் தட்டி ஒன்றை உருவி நீட்டினார். பிரியமாகத்தான் நீட்டினார்.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று கடைக்காரர் டீ ஆற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கை என் பக்கம் நீண்டது. என் வீட்டுக்காரர் கை. அவசரத்தில் முந்தானை முடிச்சு அவிழ மாட்டேன் என்றது, பல்லால் கடித்து அவிழ்த்துக் கொடுத்தேன். ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டு, மெதுவாக மென்று, கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். டீயைத் தள்ளி வைத்துவிட்டார்.

"மாலயத்தாம்பா கழட்டுனேன்" என்றார்.

நீட்டின கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு அந்த டிரைவர் சிகரெட்டைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னா சாமி அது, வாயில?" என்று கேட்டார்.

கழுத்தில் மாலை இல்லை. அவர் சாமி என்றுதான் கூப்பிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து, அதை எப்படி மெல்ல வேண்டும், எங்கே ஒதுக்க வேண்டும், எந்த ஆஸ்பத்திரியில் எந்த அறை, டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது, மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வளவு பேசி நான் அவரைப் பார்த்ததே இல்லை. கல் மேல் இருந்த டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. அந்த டிரைவர் அடுத்த மாதமே சென்னை போய் வந்தார். அவருக்கு இன்னும் முழுசாக விடவில்லை, இரண்டு முறை தவறியிருக்கிறார். ஆனாலும் அந்த அறைக்குத் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறார்.

அன்று சாயங்காலம் அவராகவே சட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டி, மோந்து பாரு என்றார். வேண்டாம் என்று அப்படியே வாளியில் போட்டேன்.

இன்றைக்கும் காய்கறி வாங்கப் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால், பள்ளிப்பட்டு வண்டி புறப்படும் வரை நின்றுவிட்டுத்தான் வருவேன். அந்த வலது காலை ஊன்றி அவர் தன் சீட்டில் ஏறி உட்காரும்போது, இருபது வருடம் நான் பேசி ஆகாததை இவர் செய்து முடித்தார், இவர் என் வீட்டுக்காரர் என்று பக்கத்தில் நிற்பவர்களிடம் சொல்லத் தோன்றுகிறது. பல நாள் சொல்லியும் விடுகிறேன்.