முடிதிருத்துபவரின் கால்கள்

முடிதிருத்துபவருக்கு ஆறு வருஷமாகத் தூக்கம் சரியில்லை. நாற்காலியில் வந்து உட்காருகிற ஒவ்வொருவரும் ஒரு வைத்தியம் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே கத்தரியை ஓட்டுவார். தூக்க மாத்திரையும் போட்டுப் பார்த்தாயிற்று.

"எதையோ மனசுல போட்டுக் குழப்பிக்கிறீங்க" என்பாள் மனைவி. அப்படி ஒன்றும் இல்லையென்று சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துவிட்டது.

கடைசியில் இருவரும் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனார்கள். அந்த அம்மா கேட்ட முதல் கேள்வியே வேறு மாதிரி இருந்தது.

"படுத்ததும் கால் எப்படி இருக்கு?"

"உள்ள எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்மா. எழுந்து நடந்தா போயிடும், படுத்தா திரும்ப வந்துடும். நாள் பூரா நிக்கிற அலுப்புன்னு நெனச்சேன்."

"தூக்கத்துலயும் உதைக்கிறாருங்க" என்றாள் மனைவி. "மூணு வருஷமா நான் தனியாத்தான் படுக்கிறேன்."

இது கவலையால் வருவதல்ல, நரம்புக் கோளாறு. இரும்புச்சத்து குறைந்தாலும் கால் இப்படி அலையும் என்று சொல்லி, மருத்துவர் ரத்தத்தைப் பரிசோதிக்கச் சொன்னார். இரும்புச்சத்து அடிமட்டத்தில் இருந்தது. முடிதிருத்துபவர் வருஷத்துக்கு நாலு முறை ரத்ததானம் செய்கிறவர். இதுவரை நாற்பத்தேழு முறை கொடுத்திருக்கிறார்.

"இரும்புச்சத்து மாத்திரை தர்றேன். இப்போதைக்கு ரத்தம் கொடுக்காதீங்க, அதுலதான் இரும்பு போயிருக்கு."

தூக்கம் கெட்டதைவிட அதுதான் அவருக்கு வலித்தது. "அம்பதை முடிச்சுட்டு நிறுத்தட்டுமா?" என்று கேட்டுப் பார்த்தார். மனைவி பார்த்த பார்வையில் மருந்துச் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மாத்திரை தொடங்கிய நாலாம் மாதம் ஒருநாள், கடை திறக்கும் நேரம் தாண்டியும் அவர் எழுந்திருக்கவில்லை. கடை ஏன் பூட்டியிருக்கிறது என்று போனில் கேட்ட வாடிக்கையாளரிடம் மனைவி தணிந்த குரலில் சொன்னாள்: "தூங்குறாருங்க. மத்தியானமா வாங்க."