இளஞ்சிவப்பு இடியாப்பம்

எண்பதுகளில் மலேசியாவின் ஷா ஆலமில் ஒரு மையம் இருந்தது. சிறுதொழில்காரர்கள் புதிதாகச் செய்துகொண்டு வரும் இயந்திரங்களைச் சோதித்து, தேறினால் சான்று கொடுப்பார்கள். என் மனைவியின் அண்ணன் கிள்ளானில் பட்டறை வைத்திருந்தார். மோட்டாரில் இடியாப்பம் பிழியும் இயந்திரம் ஒன்றைச் செய்திருந்தார். சான்று இருந்தால்தான் வாங்குவோம் என்று சாப்பாட்டுக் கடைக்காரர்கள் சொல்லிவிட்டதால், வந்த வேலைகளையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு அதையே கட்டிக்கொண்டு அழுதார்.

நான் கூட்டாளி. என் பங்கு, பேசுவது. மையத்துக்கு மச்சான் போனால் எந்தப் பல்சக்கரம் முதலில் தேயும் என்று கேட்டு அதிகாரிகளின் உயிரை எடுப்பார். நான் டை கட்டிக்கொண்டு போய், அவர்கள் தேநீரோடு கொடுக்கும் கறிபாப் பலகாரத்தைத் தின்றுவிட்டு, முகவரி அட்டையை நீட்டிவிட்டு வருவேன். தொழில்முனைவு என்றால் அதுதான் என்று நம்பியிருந்தேன்.

சோதனை நாள் காலையில், புது லோரிக்குப் போடுவதுபோல இயந்திரத்துக்குப் பூசை போட்டேன். கண்ட இடமெல்லாம் சந்தனம், குங்குமம்.

"மாப்பிள்ள, வாய்ல வைக்காதீங்க லா. மாவு வர்ற எடம்."

"தொடச்சிட்டேன் மச்சான்."

வெளியே மட்டும்தான் துடைத்திருந்தேன்.

மையத்தில் மாவைப் போட்டு மச்சான் விசையைத் தட்டினார். இடியாப்பம் இளஞ்சிவப்பாக இறங்கியது.

சோதிக்க வந்த மலாய் அம்மையாரின் முகம் மலர்ந்தது. "ஸ்ட்ராபெரியா?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? "யெஸ் புவான், நியூ பிளேவர்" என்றேன். பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள் என்று சந்தை நிலவரம் வேறு. அவர் ஓர் இழையைப் பிய்த்து வாயருகே கொண்டுபோனார்.

"புவான், ஜாங்கான் மாக்கான்!"

சாப்பிடாதீர்கள் என்று மச்சான் போட்ட சத்தத்தில் அந்தக் கை அப்படியே நின்றது. அது சாமிக்கு வைத்த பொட்டு என்று மலாயிலேயே சொல்லி, என் நெற்றியைக் காட்டினார். அறையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். கழுத்தில் டை, நெற்றியில் அதே ஸ்ட்ராபெரி.

அம்மையார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. கழுவிவிட்டு அடுத்த வாரம் கொண்டுவரச் சொன்னார். பிறகு, என் பக்கம் திரும்பாமலே, மச்சான் மட்டும் வந்தால் போதும் என்றார். அவர் மட்டும் போனார். சான்று கிடைத்தது.

அன்று இரவு சாப்பாட்டில் என் மனைவி பூரித்துப்போய், "இவரு பேசுனதாலதானே அண்ணே குடுத்தாங்க?" என்று கேட்டாள்.

மச்சான் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஆமா லா" என்றார்.