அண்ணி தட்டமாட்டாள்

நேற்றுச் சாயங்காலம் சமையலறையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் யாரோ உள்ளங்கையால் தரையில் இரண்டு தடவை அடிக்கிற சத்தம் கேட்டது. கத்தியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். வேறு வீடாக இருந்தால் கரப்பான் பூச்சியை அடிக்கிறார்கள் என்று விட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சத்தத்துக்கு அர்த்தமே வேறு.

அண்ணன் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். அண்ணி எம்.எம்.ஏ. சண்டைக்காரி. குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்து, கம்பி வலைக் கூண்டுக்குள் நடக்கிற சண்டை அது. மருமகள் என்ன செய்கிறாள் என்று கேட்பவர்களிடம் அம்மா 'கராத்தே மாதிரி ஏதோ' என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள். அண்ணி பழகுகிற இடம் ரமணாசிரமம் பக்கம், ஒரு காபிக் கடையின் மாடியில். மௌனத்தைத் தேடி எங்கிருந்தோ வந்தவர்கள் கீழே கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, மேலே இவர்கள் ஒருவரை ஒருவர் தூக்கிப் போட்டுக்கொண்டிருப்பார்கள். கடைக்காரர் பாவம், தினமும் யாருக்காவது மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பார்.

வேங்கிக்காலில் இருக்கிற எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு ஆனதும் போனை நடுவில் வைத்துச் சண்டை வீடியோ பார்த்துக்கொண்டே புருஷனும் பெண்டாட்டியும் ஆரம்பித்துவிடுவார்கள். இந்த நாட்டுக்காரனையும் அந்த நாட்டுக்காரனையும் மோதவிட்டால் யார் ஜெயிப்பான்? இவனுக்குக் கை நீளம், அவனுக்கு மூச்சு ஜாஸ்தி. நின்று அடித்தால் இவன், தரைக்கு இழுத்துவிட்டால் அவன். நடக்கவே போகாத சண்டைகளுக்கு இத்தனை ரகளை! அம்மா எதிரில் அண்ணனை 'வாங்க, போங்க' என்பவள், வாதம் சூடானதும் அந்த 'ங்க'வை எங்கேயோ தொலைத்துவிடுவாள். அம்மா முறைப்பாள். யார் கண்டுகொண்டார்கள்! கூண்டுக்குள் வசமாக மாட்டிக்கொண்டவர்கள் தோல்வியை ஒப்புக்கொள்ளக் கையால் தட்டிக் காட்டவேண்டும். உடனே சண்டை நின்றுவிடும். எங்கள் வீட்டு வாதத்திலும் அதே சட்டம்தான். தோற்றவர் தரையில் இரண்டு தட்டுத் தட்டவேண்டும். அண்ணன் எத்தனையோ தடவை தட்டியிருக்கிறான். அண்ணி தட்டி நான் பார்த்ததே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், செங்கம் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் ஒரு போட்டி வந்தது. அண்ணிக்கு எதிரே ஓசூர்க்காரி ஒருத்தி. போனில் பார்த்துப் பார்த்து அலசிய வாய், இப்போது வீட்டு ஆளையே அலச ஆரம்பித்தது. நின்று அடித்தால் நீதான், ஆனால் அவள் நிற்கவே விடமாட்டாள், கீழே தள்ளிக் கையைப் பிடிப்பாள், நீ தட்டித்தான் ஆகணும் என்றான் அண்ணன். கையைக் கொடுத்தால்தானே பிடிப்பாள் என்றாள் அண்ணி. வார்த்தை தடித்தது. தட்டினால் இதோடு விட்டுவிடுவாயா என்று அவன் கேட்க, அண்ணி சட்டென்று சொன்னாள்: "தட்டினா கிளவுஸக் கழட்டி வெச்சிடறேன். போதுமா?" அண்ணன் முகம் செத்துப்போனது. அவன் ஆத்திரத்தில் கேட்டுவிட்டான். அவள் ரோஷத்தில் சொல்லிவிட்டாள். பக்கத்தில் இருந்த அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அந்த விளையாட்டை விட்டால் அண்ணியின் உயிர் பாதி போய்விடும் என்று அம்மாவைத் தவிர எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணன் சொன்னபடியே நடந்தது. இரண்டாவது சுற்றில் ஓசூர்க்காரி அண்ணியைக் கீழே சாய்த்து, இடது கையைத் தன் கால்களுக்கு நடுவில் இழுத்து, முழங்கையை மடங்காத பக்கமாக வளைக்க ஆரம்பித்தாள். கூண்டை ஒட்டி நின்ற அண்ணன் "தட்டு, தட்டு" என்று கத்தினான். விட்டுக்கொடு, கையைக் காப்பாற்றிக்கொள் என்று அர்த்தம். எங்கள் ஊர் ஜனத்துக்கு அது எங்கே தெரியும்? தட்டு என்றால் அடி என்றுதான் அவர்களுக்கு அர்த்தம். மண்டபமே எழுந்து நின்று "தட்டு, தட்டு" என்று கூவியது. அண்ணி காலியாக இருந்த கையால் ஓசூர்க்காரியின் தொடையில் குத்திக்கொண்டே இருந்தாள். பல் கவசத்தைக் கடித்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள் பாருங்கள், அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. வாதத்தில் ஜெயிக்கப் பார்க்கிறாயா என்று கேட்கிற பார்வை அது. அண்ணிக்குச் சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர் கையில் துண்டு இருந்தது. அதை வீசினால் சண்டை நின்றுவிடும், ஆனால் அண்ணி ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டாள். முழங்கை இன்னும் கொஞ்சம் வளைந்தது. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

அப்போது அண்ணன் கத்துவதை நிறுத்தினான். குனிந்தான். கூண்டுக்கு வெளியே நீண்டிருந்த பலகையில், அண்ணியின் முகத்துக்கு நேராக, உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினான். நடுவருக்கு அது ஒன்றுமே இல்லை. அண்ணிக்குப் புரிந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம் அவனையே பார்த்தாள். பிறகு அவளும் தட்டினாள்.

அம்மா பின்வரிசையில் இருந்தாள். 'தட்டிட்டாங்க' என்று மைக்கில் சொன்னதும், பரிசைத்தான் தட்டிக்கொண்டாள் என்று நினைத்து, "எங்க மருமகதான்" என்று பக்கத்துப் பெண்ணிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அத்தனை நாள் 'கராத்தே மாதிரி ஏதோ' என்றவள்! விஷயம் தெரிந்ததும் வீட்டுக்கு வந்து வேறு மாதிரி ஆரம்பித்தாள். சொன்ன சொல் என்ன ஆச்சு, எப்போது கழட்டி வைக்கப் போகிறாய் என்றாள். அண்ணி கட்டுப் போட்ட கையோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன்தான் வாயைத் திறந்தான். "அவ தட்றதுக்கு முன்னாடியே நான் தட்டிட்டேம்மா. தோத்தது நானு. கிளவுஸ அவ கழட்ட வாணாம்." அம்மா அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இன்றைக்குச் சாயங்காலம் அதே மண்டபம், அதே ஓசூர்க்காரி. ஒரு வாரமாக எங்கள் வீட்டில் வாதமே இல்லை. அண்ணி வலியப் போய் வம்புக்கு இழுத்துப் பார்த்தாள். யாரு ஜெயிப்பா, சொல்லேன் என்றாள். நீதான் என்றான் அண்ணன், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடச் சட்டென்று ஒத்துப்போகாதவன் அப்படிச் சொன்னதும் அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரியில் அவன் எழுந்து உட்கார்ந்துகொள்கிறான் என்று என்னிடம் சொன்னாள். அந்த இடது கை இன்னமும் முழுசாக நீளுவதில்லை. அதைத்தான் அவன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். எனக்கும் ஒரு வாரமாகத் தூக்கம் சரியில்லை.

அதனால்தான் நேற்று அந்தச் சத்தம் கேட்டதும் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். மறுபடியும் அண்ணன்தான் தட்டுகிறான் என்று நினைத்தேன். அவன் கட்டிலில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அண்ணி அவனுக்கு எதிரே தரையில் மண்டி போட்டிருந்தாள். அவளுடைய உள்ளங்கை இன்னும் தரையிலேயே இருந்தது.

"மாட்டிக்கினா நானே தட்டிடறேன்" என்றாள். "நீ தட்டாத."