சுவருக்குள் நுழைவது எந்தக் கம்பி?

வீடுகளுக்கு இண்டர்நெட் இழுத்துக் கொடுக்கும் எங்கள் தொழிலில், ஆசை காட்டி விற்பது ஒருவர், திட்டு வாங்குவது இன்னொருவர். அந்த இன்னொருவர் நான்தான். பினாங்கில் எட்டு வருடமாக ஏணியும் கையுமாக அலைகிற பெண். வீடியோவில் பேசும்போது எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தபடியே உறைந்துபோவதைப் பார்த்துப் பல்லைக் கடித்தவரா நீங்கள்? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான். கேளுங்கள்.

பன்னிரண்டாவது மாடி

பாயான் பாருவில் ஒரு பழைய பிளாட். தொழிற்சாலையில் வேலை பார்க்கும் சரஸ்வதி அக்கா, 'ஃபைபர்' என்று போட்டிருந்த பாரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். கீழே கட்டடத்தின் பெட்டியைத் திறந்தேன். ஃபைபர் இருந்தது, ஆனால் அந்தப் பெட்டி வரைக்கும்தான். அங்கிருந்து மாடிக்கு ஏறியது, வேகத்தைப் பாதி வழியிலேயே தொலைத்துவிடும் பழைய டெலிபோன் செம்புக் கம்பி. எதுவும் சொல்லாமல் மாட்டிவிட்டு வருவதுதான் எங்கள் வழக்கம். நானும் எத்தனையோ வீட்டில் அப்படித்தான் செய்திருக்கிறேன். அன்று அக்கா என் முகத்தைப் பார்த்து, "தங்கச்சி, இது நெஜமாவே ஃபைபர்தானே?" என்று கேட்டுவிட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை.

லிப்டில் கீழே கூட்டிப்போய் இரண்டையும் காட்டினேன். முடியைப் போல மெல்லிய கண்ணாடி இழை ஒன்று, துருவேறிய முனையில் மாட்டிய செம்பு இன்னொன்று. அக்கா குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "பதினெட்டு வருசமா மைக்ரோஸ்கோப்புல நல்ல சாமான், ஓட்ட சாமான்னு பிரிச்சு எடுக்குறேன். என் வீட்டுக்கு வர்ற வயர பாக்காம விட்டுட்டேன் பாரு!"

மேலதிகாரி

சரஸ்வதி அக்கா அதோடு விடவில்லை. மாடி மாடியாகக் கதவு தட்டிக் கையெழுத்து வாங்கி, வீடு வரைக்கும் ஃபைபர் வேண்டும் என்று மனுக் கொடுத்தார். சில மாதத்தில் வேலையும் ஆரம்பித்தது. ஆனால் அதற்கு முன்பே என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மேலதிகாரி சந்திரன் அண்ணன், "மாட்டச் சொன்னா மாட்டு, கிளாஸ் எடுக்காத" என்றார். "மாட்டுறேண்ணே. ஆனா என்ன மாட்டுறேன்னு சொல்லிட்டுத்தான் மாட்டுவேன்" என்றேன்.

புது இணைப்பு வேலைகளை என்னிடமிருந்து எடுத்துவிட்டு, ரிப்பேருக்கு மட்டும் அனுப்பினார். நான் போன வீடுகளிலெல்லாம் விஷயத்தை விளக்கிச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். மூன்றாவது மாதம் அவரே என் மேசைக்கு வந்தார். "நீ போன வீட்டுலேருந்து மட்டும் யாருமே திட்டி போன் பண்றதில்ல. அப்படி என்னதான்லா சொல்ற?"

கம்பியே இல்லை

ஜார்ஜ் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நாசர் பாய், வீட்டு ஃபைபர் ஆமை வேகத்தில் போகிறது என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், சுவரில் எந்தக் கம்பியும் நுழையவில்லை. இரும்பு அலமாரிக்குள் பத்திரமாகப் பூட்டி வைத்த ஒரு பெட்டி, அதற்குள் சிம் கார்டு. கைப்பேசிக்கு வரும் அதே சிக்னல்தான். அலமாரியிலிருந்து எடுத்து ஜன்னலோரம் வைத்ததும் கொஞ்சம் உயிர் வந்தது. "ஆனா பாய், இது ஃபைபர் இல்ல" என்றேன். "கம்பியில்லாம காத்துல வர்றதுக்கு ஃபைபர்னு பேரா? அப்ப நாளையிலேருந்து நானும் மாவில்லாம பரோட்டா போடுறேன்!"

வெளியே போகும் வேகம்

புக்கிட் மெர்தாஜாமில் மலர்விழி, திக்கிப் பேசும் குழந்தைகளுக்கு வீடியோவில் பேச்சுப் பயிற்சி தருபவர். பிள்ளைகளின் குரல் அவருக்குத் தெளிவாகக் கேட்கிறது. அவர் குரல்தான் அவர்களுக்கு வெட்டி வெட்டிப் போகிறது. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, அதுதான் பாடம் என்று நினைத்து அப்படியே திருப்பிச் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது மலர்விழிக்குக் கண் கலங்கிவிட்டது.

அங்கேயும் செம்புதான். வீட்டுக்குள் வரும் வேகம் பரவாயில்லை, வெளியே போகும் வேகம் மிகக் குறைவு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது உள்ளே வரும் வேகம் மட்டும்தான். அந்தத் தெருவுக்கு ஃபைபர் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். நான் கம்பம் கம்பமாக நடந்து பார்த்தேன். மூன்றாவது கம்பத்தில் ஃபைபர் பெட்டி இருந்தது, அதில் ஒரு இணைப்புக்கு இடமும் காலியாக இருந்தது. ஃபைபர் கேட்டுப் போட்ட விண்ணப்பம் இரண்டு தடவை திரும்பி வந்தது. மூன்றாவது தடவை அந்தக் காலி இடத்தைப் படம் எடுத்து இணைத்து அனுப்பினேன். கிடைத்தது. மாட்டும் வேலையையும் சந்திரன் அண்ணன் எனக்கே கொடுத்தார்.

மாட்டி முடித்ததும் மலர்விழி அந்தச் சிறுமியை அழைத்தார். இரண்டு வாக்கியம் பேசியதும் அவள் முகம் மலர்ந்தது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "டீச்சர், இன்னைக்கு நீங்க திக்காம பேசுறீங்க!"

வேகம் எவ்வளவு என்று கேட்பதை விட்டு எந்தக் கம்பி என்று கேட்கும் வீடுகள் கூடிவிட்டதால், இப்போதெல்லாம் மாட்டுகிற நேரத்தைவிட எனக்குப் பேசுகிற நேரம்தான் அதிகமாகிவிட்டது.