மேட்டுக் கீரை

கேன்டீன் சுவரில் ஒரு வட்டக் கடிகாரம் இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, எட்டும் ஒன்பதும் ஒரே மாதிரி தெரியும். கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையை நினைத்தால் இயந்திரங்கள் எதுவும் ஞாபகம் வருவதில்லை. அந்தக் கடிகாரமும், அதன்கீழ் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த கேன்டீன் அக்காவும்தான்.

புயல் மழையில் சாலை முழுகி, ஷிஃப்டுக்கு வந்த பதினெட்டுப் பேர் மூன்று நாள் உள்ளேயே மாட்டிக்கொண்டோம். காய்கறி வண்டி வரவில்லை. இருந்த அரிசி கஞ்சிக்குத்தான் காணும். சுற்றிலும் தண்ணீர், கழிவுநீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்த மேடு மட்டும் வெளியே தெரிந்தது. அக்கா முழங்கால் தண்ணீரில் போய், அங்கே மண்டிக் கிடந்த குப்பைக்கீரையையும் மூக்கிரட்டையையும் முந்தானை நிறையக் கிள்ளி வந்தார். கடைந்ததும் யாருக்கும் போடவில்லை. ஒரு கரண்டி தான் தின்றுவிட்டுக் கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டார். புது இடத்துக் கீரை என்றால் அவர்கள் வீட்டில் அப்படித்தானாம். "அரமணி ஆவட்டும். எனக்கு ஒண்ணும் ஆவலன்னா நீங்க துன்னுங்க" என்றார். எல்லோரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தொட்டித் தண்ணீரைச் சோதித்து எழுதுவதுதான் என் வேலை. மேடு என்பது தொட்டியில் வழித்த கசடை வருடக்கணக்காகக் கொட்டிய இடம். அதில் ஈயம் இருந்தது. அரை மணியில் தெரிகிற விஷமில்லை அது, உடம்பில் தங்கி நரம்பை மெல்லக் கெடுப்பது. தெரிந்தும் அன்று நானும் தின்றேன், அவ்வளவு பசி.

மறுநாள் மனது கேட்காமல் அக்காவிடம் மட்டும் சொன்னேன். கீரையை உதறிக்கொண்டே, "அந்த நோவு எப்ப வரும் தம்பி?" என்று கேட்டார். வரலாம், வராமலும் போகலாம், இரண்டு வேளைக்கு ஒன்றும் ஆகாதோ என்னவோ என்று உளறினேன். "பசி இப்பவே வந்துகீதே" என்று அடுப்பைப் பற்றவைத்தார். அன்றும் முதலில் தின்றார். அன்றும் அரை மணி உட்கார்ந்திருந்தார்.

பரிமாறும்போது என் தட்டில் கஞ்சி மட்டும் ஊற்றி, "உனக்கு எறங்காது" என்றார் மெதுவாக. பக்கத்திலிருந்த ஃபிட்டர் அண்ணன், கீரை வேண்டாமா என்று கேட்டார். வயிறு சரியில்லை என்றேன். என் பங்கையும் அவரே வாங்கிக்கொண்டார்.

அக்கா என்னைக் காப்பாற்றினாரா, குத்திக்காட்டினாரா என்று இன்றுவரை விளங்கவில்லை. எல்லோரிடமும் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பசியோடு பயமும் சேர்ந்திருக்கும். சொல்வது, சொல்லாதது இரண்டுமே எனக்கு நியாயமாகத் தோன்றுவதுதான் பேஜாராக இருக்கிறது.

போன வாரம் பொன்னேரியில் ஃபிட்டர் அண்ணனைப் பார்த்தேன். டீக்கடைக்கு இழுத்துப் போனார். டம்ளரைப் பிடித்த கை நடுங்கி, டீ சட்டையில் சிந்தியது. வயசாவுது என்று சிரித்தார். வயதுதானா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"உன் பங்கையும் துன்னேனே, அந்தக் கீரை ருசி இன்னும் நாக்குல கீதுப்பா. உனக்குத்தான் குடுத்து வைக்கல."

கடைச் சுவரில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.